அத்தை செய்து காட்டியது

எங்கள் ஊரில் ஒருத்தியைத் திமிர் பிடித்தவள் என்று நேராகச் சொல்லிவிட மாட்டார்கள். "அதுக்குக் கழுத்து சுளுக்கிக்கினுகீது" என்பார்கள். கூப்பிட்டால் திரும்பாதவள் என்று பொருள். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு அந்தச் சுளுக்கு பிறவியிலேயே இருப்பதாக ஊர் முடிவு செய்திருந்தது.

உண்மையில் அவள் படித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். கடையில் உளுந்து வாங்கினால் பொட்டலம் கட்டிய காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தபடியே தெருவில் வருவாள். எதிரில் வருகிறவர் "சாப்ட்டியாம்மா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் நின்று பார்த்து, பிறகு தனக்குள் எதையோ சொல்லிக்கொண்டு போவார். இவள் வீட்டுக்கு வந்து உளுந்தைக் கொட்டிவிட்டுக் காகிதத்தை நீவி மடித்து வைத்த பிறகுதான், "யாரோ கூப்ட்ட மாரி இருந்திச்சே" என்பாள். அதற்குள் கேட்டவர் நான்கு வீட்டில் சொல்லி முடித்திருப்பார்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். "அடுப்புல பாலு பொங்கி ஊத்துது, உங்க பொண்ணு புஸ்தகத்துல கீது" என்று சொல்லி அனுப்பினார்களாம். அது காரணமா சாக்கா என்று எனக்குத் தெரியாது. டிரங்குப் பெட்டியில் புடவை பாதி, பைண்டு செய்த தொடர்கதைகள் பாதி. வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை ஒட்டியவை. எல்லாம் அவளே கல்யாணத்துக்கு முன்னால் செய்தவை.

அப்பாவிடமும் புத்தகங்கள் இருந்தன. அவை கூடத்தில், கண்ணாடி பீரோவில், பூட்டுக்குள் இருந்தன. அப்பா உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் மேனேஜர். ஆனால் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது அதைச் சொல்ல மாட்டார். "நான் ஒரு வாசகன்" என்பார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் காக்கி அட்டை, முதுகில் நம்பர். கையைக் கழுவித் துடைத்த பிறகே தொடலாம். ஊரில் யாருக்கும் இரவல் கிடையாது. "குடுத்தா படிப்பாங்களா? பஜ்ஜி வெச்சி எண்ணெ பிழிவாங்க" என்பார்.

சாயங்காலம் மில்லிலிருந்து அவர் வந்ததும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். கூடத்தில் மூன்று நாற்காலி. அவர்கள் பேசுவதைக் கேட்டால், உலகத்தில் படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை அந்த மூன்று நாற்காலியோடு தீர்ந்துவிட்டது என்றே தோன்றும். நாற்காலிகளுக்கு நடுவே தரையில் நான் உட்கார்ந்திருப்பேன். பத்து வயதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாலாவது ஆள் நான் என்றும் தோன்றியது.

அத்தை திரும்பி வந்த புதிதில் ஒருநாள் அப்பாவிடம் பீரோவிலிருந்து ஒரு புத்தகம் கேட்டாள். மற்ற இருவரும் இருந்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "நீ படிக்கிறது வேறம்மா, இது வேற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எட்டாத கிளையைப் பார்த்துக் கை நீட்டும் குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னார். டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு அத்தை உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு பீரோவில் அவளுக்கு ஒரே ஒரு உரிமை இருந்தது. வெள்ளிக்கிழமை அதைத் துடைப்பது. துடைக்கும்போது ஒரு புத்தகத்தை எடுத்து நின்றபடியே இரண்டு பக்கம் படித்துவிடுவாள். அடுப்படியிலிருந்து அம்மா, "தொடப்பத்த எங்க வெச்ச?" என்று உரக்கக் கேட்டால் அப்பா வாசலில் வண்டியை நிறுத்துகிறார் என்று அர்த்தம். அம்மாவுக்குப் புத்தகத்தில் அக்கறை இல்லை. ஆனாலும் எல்லா வெள்ளிக்கிழமையும் கேட்டாள்.

ஊரில் படிக்கிறாள் என்று ஏச்சு. வீட்டில் அவள் படிப்பது படிப்பே இல்லை என்று ஏச்சு. அத்தைக்கு உட்கார இரண்டு இடத்திலும் இடமில்லை.

அந்த வருடம் கோடையில் அவள் நூறு நாள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "எந் தங்கச்சி ஏரியில மண்ணு வெட்டறான்னு ஊர் பேசணுமா" என்றார். "ஏற்கெனவே பேசிக்கினுதான் கீறாங்க" என்றாள் அம்மா. எனக்குப் பள்ளி விடுமுறை, தம்பிக்கு எட்டு மாதம். வீட்டில் நான் காலைச் சுற்றிக்கொண்டு இருக்கவேண்டாம் என்று அம்மா என்னையும் அத்தையோடு அனுப்பிவிட்டாள்.

எங்கள் ஊர் ஏரி சாலவாக்கம் போகிற வழியில் இருக்கிறது. சித்திரையில் அடி வரை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்ததும் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, கோல் வைத்து அளந்து, ஆளுக்கு ஒரு குழி காட்டிவிடுவார்கள். வெட்டுகிற மண்ணை இரும்புப் பாண்டுச் சட்டியில் வாரிக் கரையில் கொட்டவேண்டும். அத்தையைச் சேர்த்த குழுவுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் மோட்டார் கொட்டாய் பெரியம்மா. எங்களுக்கு உறவு இல்லை. ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெரியம்மா, மீதிப் பேருக்கு அக்கா. கழனி மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்திலேயே தனி வீடு. தலையில் துண்டு, வாயில் வெற்றிலை, இடுப்பில் ஒரு கை. எழுத்து ஒன்றும் தெரியாது. பேச ஆரம்பித்தால் மண்வெட்டிகள் நின்றுவிடும்.

முதல் நாள் அவள் அத்தையைப் பார்த்து, "வாடி தொரசாணி. இன்னிக்கின்னா கழுத்து திரும்புமா?" என்றாள். மற்ற மூவரும் சிரித்தார்கள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

மதியம் மதகுக்குப் பக்கத்து வேப்பமர நிழலில் சாப்பாடு. கேழ்வரகுக் கூழ் ஒரு தூக்கில், கருவாட்டுக் குழம்பு ஒரு டப்பாவில், மோர்மிளகாய் ஒரு காகிதத்தில் என்று எல்லாம் நடுவில் வந்து எல்லாம் கை மாறும். அத்தை நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓரமாக நகர்ந்து, பையிலிருந்து பைண்டு புத்தகத்தை எடுத்துவிட்டாள். கை மாறிக்கொண்டிருந்த டப்பாக்கள் அப்படியே நின்றன. அதை என்னால் இன்றும் உணரமுடியும். ஐந்து பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருத்தி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டதுபோல.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பெரியம்மா மூன்றாம் நாள் கேட்டுவிட்டாள். "ஏண்டி, அப்படி இன்னாதான் கீது அதுல? நீ மட்டும் துன்னுக்கினு கீறியே, எங்களுக்கும் ஒரு வாய் குடேன்."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். கேலியா இல்லையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பி, உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

அவள் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. வீட்டில் அவள் பேசுவது "டீ வெக்கட்டா", "துணி எடுக்கட்டா" என்பதோடு சரி. இங்கே மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல், பம்பாய்க்குப் போய்விட்ட புருஷனின் கடிதத்துக்கு ஒரு குரல். பழைய கதை. மாமியார் கொடுமையில் மாட்டிய ஒரு பெண்ணைப் பற்றியது. ஓய்வு நேரம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும் பெண் வந்து அதட்டியபோது பெரியம்மா சொன்னாள்: "தோ எழுந்துட்டோம். இவ குழிய நாங்க நாலு பேரும் சேந்து வெட்டிக் குடுத்துடறோம். இவ படிக்கட்டும்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அத்தை கரையில் உட்கார்ந்து படிப்பாள். நால்வரும் வெட்டிக்கொண்டே கேட்பார்கள். அவளுடைய குழி அவள் கை படாமலேயே அளவுக்கு வந்துவிடும். பக்கத்துக் குழுவினரும் மெல்ல மெல்ல நெருங்கி வெட்ட ஆரம்பித்தார்கள். சாயங்காலம் தெருவில் போகும்போது, "ஏம்மா, நாளைக்கி அந்தப் பம்பாய்க்காரன் வந்துடுவானா?" என்று யாராவது கேட்பார்கள். கழுத்துச் சுளுக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பத்து நாளில் அத்தை கொஞ்சம் சதை போட்டதாக அம்மா சொன்னாள்.

கேட்பவர்கள் சும்மா கேட்கவில்லை. மாமியாருக்கு மூட்டு வலி என்று வந்தால், "நொச்சித் தழைய வதக்கிக் கட்டச் சொல்லு, வலி போனா வாயும் கொறையும்" என்பார்கள். புருஷன் பம்பாயில் இருந்து ஒன்றும் எழுதவில்லை என்றால், "ஒரு போன் போடறதுக்கு இன்னா கேடு?" என்பார்கள்.

"அப்போல்லாம் போன் இல்லக்கா."

"அவன் வேலை செய்ற ஆபீஸ்ல இருக்குமில்ல? மனசு இருந்தா வழி இல்லாமலா பூடும்?"

ஒருநாள் சாயங்காலம் டீ கொண்டுவந்து வைக்கும்போது அத்தை இந்த நொச்சித் தழை விஷயத்தை அப்பாவிடம் சொன்னாள். சொல்லும்போது தன்னை அறியாமல் பெரியம்மாவின் குரலில் சொல்லிவிட்டாள். அப்பா ஒரு கணம் விழித்துவிட்டு, பெரிதாகச் சிரித்தார். ஜெராக்ஸ் கடைக்காரர், "இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார். தமிழ் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தக் கூடத்தில் அத்தை பேசி யாராவது காது கொடுத்தது அதுதான் முதல்முறை.

மறுநாள் அப்பாவே கேட்டார். "இன்னாம்மா, உங்க சபையில இன்னிக்கி இன்னா தீர்ப்பு?"

அத்தை போன் விஷயத்தைச் சொன்னாள். இந்த முறை முந்தானையைத் தலையில் துண்டு மாதிரி கட்டி, இடுப்பில் கை வைத்து, வெற்றிலை அடக்கிய கன்னத்தோடு சொன்னாள். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "கதைக்கும் நெசத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்க. இவங்களுக்குத்தான் நாட்ல எழுதிக்கினு கீறாங்க" என்றார். பிறகு பீரோவைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அத்தையிடம் நீட்டினார். "பாத்துப் படி. ஓரத்த மடிக்காத."

அத்தை கையைப் புடவையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. நாற்காலி போடவில்லை. ஆனால் டீ தம்ளரைக் கொடுத்ததும் உள்ளே போகவேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. கதவு நிலையில் சாய்ந்து நிற்கலாம்.

இப்படியாக அத்தைக்குப் பகலில் ஒரு மேடை, சாயங்காலத்தில் ஒரு மேடை. பகலில் கதையை அவர்களுக்குப் படித்தாள். சாயங்காலம் அவர்களை இவர்களுக்குப் படித்தாள். இரண்டு இடத்திலும் நான் முன்வரிசையில் இருந்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒரு நல்ல விளையாட்டு. அம்மா மட்டும் அத்தை முந்தானையைத் தலையில் கட்டினதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அங்கே பாத்திரங்கள் மோதிக்கொள்ளும். அம்மாவுக்கு நகைச்சுவை புரியவில்லை என்று நினைத்தேன். படிக்காதவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் அந்தக் கிணற்று அத்தியாயம் வந்தது.

கதையில் அந்தப் பெண் விடியற்காலையில் குடத்தோடு கிணற்றுக்குப் போகிறாள். கால் வழுக்கியதா, தானாக விழுந்தாளா என்று எழுதியவர் சொல்லவில்லை. குடம் மட்டும் மிதந்தது என்று சொல்லி, தொடரும் போட்டுவிட்டார். அத்தை படித்து நிறுத்தினாள். மண்வெட்டிகள் நின்றிருந்தன.

"இரு" என்றாள் பெரியம்மா. "கெணத்தாண்ட யாருமே இல்லியா?"

"இல்லக்கா. கதையில யாரும் இல்ல."

"விடியக்காலம்ன்ற. தண்ணி சேந்த நாலு பொம்பளிங்க வர்ற நேரமாச்சே அது."

"அது... போடலக்கா."

"நல்லாப் பாரு. அந்தப் பக்கத்துலியே இருக்கும். தெரு நெறைய வூடு கீதுன்னு முன்னாடி படிச்சியே. ஒரு ஆளு கூடவா இல்ல?"

அத்தை பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மற்ற மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா மறுநாளும் அதையே கேட்டாள். கதை அடுத்த அத்தியாயத்துக்குப் போய், போலீஸ் வந்து, பம்பாயிலிருந்து புருஷன் ரயிலேறியும் விட்டான். அவள் விடவில்லை. "அது சரி, அன்னிக்கி அந்தக் கெணத்தாண்ட யார் இருந்தான்னு எங்கியாவது வருதா பாரு." எனக்கு அது மிகவும் வேடிக்கையாக இருந்தது. முடிந்துபோன அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாளே என்று.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போலக் கேட்டபோது அத்தை, "ஒண்ணியும் இல்லண்ணா இன்னிக்கி" என்றாள்.

"அப்படியா" என்று அப்பா வாத்தியார் பக்கம் திரும்பிவிட்டார். அவர்கள் வேறு எதையோ பேச ஆரம்பித்தார்கள். கதவு நிலையில் அத்தை கொஞ்ச நேரம் நின்றாள். தம்ளர்கள் காலியாகிவிட்டன. எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான் பாக்கி.

"கெணத்தாண்ட யார் இருந்தான்னு கேக்கறாங்கண்ணா" என்றாள்.

மூவரும் திரும்பினார்கள். அத்தை முந்தானையைத் தலையில் கட்டினாள்.

அன்று அவள் செய்து காட்டியதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. பெரியம்மா கண்ணைச் சுருக்கி, புத்தகத்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோலக் கழுத்தை நீட்டி, "நல்லாப் பாருடி, அந்தப் பக்கத்துலியே இருக்கும், ஒரு ஆளு கூடவா இல்ல?" என்று காகிதத்தைத் தட்டித் தட்டிக் கேட்பது. அப்பா நாற்காலியின் கையைத் தட்டினார். "இதுதாம்பா வாசகர் கடிதம்" என்றார். ஜெராக்ஸ் கடைக்காரர் கிளம்பும்போது வாசலில் நின்று, "ஒரு ஆளு கூடவா இல்ல?" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்தார். அன்று அத்தைக்கு மேல்தட்டிலிருந்து புத்தகம் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து, வேப்பமர நிழலில் சாப்பிட்டு முடித்து அத்தை புத்தகத்தைப் பிரிக்கும் முன், பெரியம்மா என் கையில் ஒரு மோர்மிளகாயைத் திணித்து, "பாப்பா, நீ இன்னா சும்மாவே கீற? உனக்கு ஒரு கதையும் வராதா?" என்றாள்.

அவள் அன்பாகத்தான் கேட்டாள். எனக்கும் கொள்ளை ஆசை. இரண்டு மேடையிலும் உட்கார்ந்து பார்த்தவள் நான். எனக்கும் ஒரு முறை எழுந்து நிற்கவேண்டும் என்று இருந்தது. அத்தையின் துண்டை எடுத்துத் தலையில் கட்டினேன். இடுப்பில் கை வைத்தேன். கன்னத்தை உப்பவைத்தேன். "நல்லாப் பாருடி. அந்தப் பக்கத்துலியே இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும்தான். "ஐயோ, எம் மாரியே கீதுடி இந்தக் குட்டி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஒரு ஆளு கூடவா இல்ல?" என்று கழுத்தை நீட்டிக் காட்டினேன். நொச்சித் தழையைச் சொன்னேன். பம்பாய் போனைச் சொன்னேன். குரல், கை, வெற்றிலை துப்புவது, எல்லாம் கச்சிதமாக வந்தன. அத்தை, "போதும், உக்காரு" என்றாள். நான் உட்காரவில்லை.

பெரியம்மாவின் சிரிப்பு எங்கே நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"நல்லா செய்யற" என்றாள். "யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?"

"அத்தைதான். தெனம் சாய்ந்தரம் எங்கப்பாவுக்குச் செஞ்சி காட்டும். எங்கப்பா, வாத்தியாரு, ஜெராக்ஸ் கடை மாமா எல்லாரும் சிரிப்பாங்க. கெணத்த சொன்னதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சாங்க. மேல்தட்டு புக்கு குடுத்தாரு."

 

யாரும் அத்தையைத் திட்டவில்லை. பெரியம்மா தன் தூக்கை மூடினாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு, தண்ணீர் ஊற்றி வாய் கொப்பளித்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "படிம்மா" என்றாள். "உங்க அண்ணன் சாய்ந்தரம் கேப்பாரில்ல."

அத்தை படித்தாள். குரல்கள் எல்லாம் ஒரே குரலாகிவிட்டன. மாமியாரும் புருஷனும் போலீஸும் ஒன்றுபோலப் பேசினார்கள். நால்வரும் வெட்டிக்கொண்டே கேட்டார்கள். ஒரு கேள்வி இல்லை. ஒரு வைத்தியம் சொல்லவில்லை. அத்தையின் குழியையும் அளவு குறையாமல் வெட்டி முடித்தார்கள்.

மறுநாள் காலையில் பெரியம்மா கோலை வாங்கி, தானே ஒரு குழியை அளந்து அத்தைக்குத் தனியாகக் காட்டினாள். மரத்திலிருந்து நல்ல தூரத்தில். அட்டெண்டன்ஸ் எடுக்கும் பெண், "அஞ்சு பேரு ஒரு குரூப்பாச்சே" என்றதற்கு, "குரூப்பு ஒண்ணுதாம்மா. குழிதான் வேற" என்றாள்.

அத்தைக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கம் இல்லை. சாயங்காலத்துக்குள் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். ஒரு வாரம் கழித்து, என்னை இழுத்துக்கொண்டு மோட்டார் கொட்டாய் வீட்டுக்குப் போனாள். பெரியம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வாங்க, உக்காருங்க" என்றாள். வாடி போடி என்று இருந்த வாய். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "மொதல்ல மோரு குடிங்க" என்றாள். நாங்கள் குடித்துவிட்டுத் திரும்பினோம். பெரியம்மா கோபமாக இல்லை, மரியாதையாகத்தான் நடத்தினாள் என்று அம்மாவிடம் நான் நல்ல செய்தியாகச் சொன்னேன்.

பெரியம்மாவுக்கு ஒரு மகள் இருந்தாள் என்று நான் தெரிந்துகொண்டது பல வருடம் கழித்து, அம்மா சொல்லி. பழையசீவரம் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு விடியற்காலையில் கிணற்றில் கிடந்தாளாம். பக்கத்தில் யாருமே இல்லை, எப்படி நடந்தது என்று தெரியாது என்று சொல்லிவிட்டார்களாம் அந்த வீட்டில். தெரு நிறைய வீடு உள்ள ஊர். அந்தப் பெண்ணும் அத்தையும் பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"அப்படின்னா அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஊருக்கே தெரியும்" என்றாள் அம்மா. "உங்கப்பாவுக்கும் தெரியும்."

நான் நடித்துக் காட்டிய அந்த நாளுக்குத் திரும்புகிறேன். ஏரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அத்தை என்னை அடிக்கவில்லை. பாதி தூரம் வந்ததும், "உனக்கு நல்லா வருது" என்று மட்டும் சொன்னாள். நான் அதைப் பாராட்டு என்று வாங்கிக்கொண்டு, துள்ளிக்கொண்டே முன்னால் ஓடினேன்.

சாயங்காலம் மூன்று நாற்காலியும் நிறைந்தன. அப்பா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "இன்னாம்மா, உங்க சபையில இன்னிக்கி?"

அத்தை கதவு நிலையில் நின்றாள். அடுப்படியில் அம்மா எழுந்து நின்றது தெரிந்தது. அத்தை ஒரு மூச்சு இழுத்து, முந்தானையை எடுத்துத் தலையில் கட்டினாள்.

"ஏண்டி, கோர்ட்டுக்கு வக்கீலு கருப்புக் கோட்டு போட்டுக்கினு வந்தான்றியே, இந்த வெயில்ல அவனுக்கு வேக்காதா?"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று மட்டுமல்ல. பள்ளிக்கூடம் திறக்கும் வரை தினமும் அத்தைக்கு ஒன்று இருந்தது. பெரியம்மா நீதிபதிக்குப் பெண் பார்த்தாள். பம்பாய்க்காரன் தலைக்கு எண்ணெய் வைத்தானா என்று கேட்டாள். ரயிலில் அவன் சாப்பிட்ட பூரிக்குக் கிழங்கு பத்தவில்லை என்று சண்டைக்கு நின்றாள். முன்னால் கேட்டதையெல்லாம்விட இவை வேடிக்கையாக இருந்தன. பீரோவில் எல்லாத் தட்டும் அத்தைக்குத் திறந்தது. ஒருநாள் வாத்தியார் எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தார். கொப்புளம் உடைந்த கைகளை மடியில் மூடி வைத்துக்கொண்டு அத்தை அதில் உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரே ஒரு குழப்பம்தான். நாள் முழுக்க அத்தையோடு தூரத்துக் குழியில் நானும் இருக்கிறேன். இவ்வளவையும் அவர்கள் எப்போது வந்து அத்தையிடம் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் தண்ணீர் குடிக்க மதகுப் பக்கம் போகும்போது பேசுவார்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதைத் தவறவிடக்கூடாது என்று, விடுமுறையின் கடைசி நாட்களில் தாகம் எடுத்தாலும் போகாமல் அத்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.